குதிரை டூருக்கு நாட்டை அப்புறம் பாருங்க, முதல்ல குதிரைய பாருங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

சவுத் ஆப்பிரிக்கால இருக்கிற டர்பன்ல இருந்து எழுதுறேன். உங்க ஞாயிறு இணைப்புல வந்த வெளிநாட்டு குதிரை சவாரி டூர் கட்டுரைய நெட்ல படிச்சேன், போட்டோ எல்லாம் அருமை, ஐஸ்லாந்து மங்கோலியா போட்ஸ்வானான்னு வரிசையா போட்டு எந்த ஊரு எவ்ளோ அழகுன்னு சொல்லியிருந்தீங்க, ஆனா சவாரி பழக்கமே இல்லாதவங்களும் எங்க வேணா தாராளமா போகலாம்னு ஒரே வரில முடிச்சிட்டீங்க பாருங்க, அதுக்குத்தான் இந்த லெட்டர்.

நம்மாளுங்க நிறைய பேரு குதிரை ஏறினதுன்னா மெரினாலயோ கொடைக்கானல் ஏரி பக்கத்துலயோதான். கயிறு குதிரைக்காரர் கைல இருக்கும், நாம போட்டோக்கு சிரிச்சிட்டு உக்காந்திருப்போம். (டர்பன் மட்டும் என்னவாம், இங்க குதிரைன்னா ஜூலை ரேஸ்தான், 1897ல இருந்து நடக்குது, புது டிரஸ் போட்டுட்டு கிரேவில் ரேஸ் மைதானம் போய் பணம் கட்டிட்டு வர்றவங்கள்ல முக்காவாசி பேரு சேணத்த தொட்டுக்கூட பாத்திருக்க மாட்டாங்க.) இந்த அனுபவத்த வச்சிட்டு போட்ஸ்வானால ஒக்கவாங்கோ டெல்டா குதிரை சஃபாரிக்கு போக முடியாதுங்க. டிராட் (குலுங்கி குலுங்கி போற மெல்லோட்டம்) போறப்ப தாளத்துக்கு எழுந்து உக்கார வருமா, கேன்டர்ல (அதவிட வேகமான ஓட்டம்) பேலன்ஸ் போகாம இருப்பீங்களான்னு புக் பண்றப்பவே கேப்பாங்க, ஏன்னா புதர் பின்னாடி யானையோ சிங்கமோ நின்னா கைடு சொன்ன நொடியில மொத்த குரூப்பும் திரும்பி கேலப்ல, அதாவது முழு வேகத்துல, வெளிய போயாகணும், அதுல ஒருத்தர் பிடிமானம் இல்லாம தொங்கினா எல்லாருக்கும் ஆபத்து. ஃபார்ம்ல சும்மா இன்டர்மீடியட், அதாவது ஓரளவு சவாரி தெரியும்னு டிக் அடிச்சிடுறாங்க நம்மாளுங்க, அது கல்யாண பயோடேட்டா இல்லீங்க.

வெயிட்டையும் மறைக்கக்கூடாது. குதிரையோட எடையில அஞ்சுல ஒரு பங்குக்கு மேல முதுகுல ஏத்தக்கூடாதுன்னு பொதுவா ஒரு கணக்கு வச்சிருக்காங்க, 450 கிலோ குதிரைன்னா 90 கிலோ, அதுலயே சேணமும் அடக்கம். மலை ஊரு குதிரைங்க இதவிட சின்னது, அப்போ கணக்கு இன்னும் குறையும்.

புதுசா ஆரம்பிக்கிறவங்க என்னை கேட்டா லெசோத்தோ போங்கன்னுதான் சொல்லுவேன், நாலு பக்கமும் சவுத் ஆப்பிரிக்கா சூழ்ந்த சின்ன மலை நாடு. நாங்க இருக்கிற குவாசூலு நட்டால் மாகாணத்த ஒட்டியே இருக்கு, முழு நாடும் 1,000 மீட்டருக்கு மேல, சானி பாஸ்ங்கற மலைக்கணவாய் வழியா போனா உச்சில 2,876 மீட்டர், அந்த ரோட்டுக்கு ஃபோர் பை ஃபோர் வண்டி இல்லாம விடமாட்டாங்க. அங்க பசூத்தோ போனின்னு ஒரு ரகம், உயரம் கம்மி, ஆனா உருளுற கல்லு மேலயும் செங்குத்தான இறக்கத்துலயும் கால் தவறாம நிதானமா போகும், மலை கிராமத்துல இன்னிக்கும் ஜனங்க கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் இது மேலதான் போறாங்க, கம்பளிய போத்திக்கிட்டு. மலேயலேயா, செமொன்கோங் ரெண்டு இடத்துலயும் அரை நாள்ல இருந்து பல நாள் வரைக்கும் டிரெக் இருக்கு, பெரும்பாலும் குதிரை ஓடாம நடக்கிற வேகம்தான், கூட ஊர்க்கார கைடு வருவாரு. செமொன்கோங் பக்கத்துல மலெட்சுன்யானே அருவி 192 மீட்டர் ஒரே விழுச்சியா விழுது. ராத்திரி கிராமத்து குடிசையிலயே தங்கலாம். சைவக்காரங்க பயப்படவேண்டாம், மக்காச்சோள களியும் மொரோஹோ கீரையும் கிடைக்கும், ஊறுகா மட்டும் நீங்க கொண்டு வாங்க. சவுத் ஆப்பிரிக்கா வழியாத்தான் உள்ள போய் வெளிய வரணும்ங்கறதால விசா கேக்கறப்பவே மல்டிபிள் என்ட்ரியா கேளுங்க. மே லீவுல வர்றவங்களுக்கு ஒண்ணு, அப்போ இங்க குளிர்காலம் ஆரம்பம், ராத்திரி மலைல தண்ணி உறையற குளிரு இருக்கும், ஜூன் ஜூலைல பனியே கொட்டும்.

இன்சூரன்ஸ்ல குதிரை சவாரி கவர் ஆகுதான்னு பாலிசிய பிரிச்சி படிங்க, நிறைய பாலிசில அத தனியா ஒதுக்கி வச்சிருப்பாங்க, ரோடு இல்லாத மலைல கால் உடைஞ்சா தூக்கிட்டு வர்ற செலவுதான் பெருசு. ஹெல்மெட் சொந்தமா வாங்கிக்கலாம், ஷூக்கு சின்ன ஹீல் இருக்கணும், இல்லன்னா சேணத்துல கால் வைக்க தொங்குற வளையத்துக்குள்ள கால் முழுசா வழுக்கி மாட்டிக்கும், விழுந்தா குதிரை இழுத்துட்டு போயிடும்.

கிளம்பறதுக்கு முன்னாடி சென்னை, பெங்களூர் மாதிரி ஊர்ல ரைடிங் ஸ்கூல்ல கொஞ்ச நாள் கத்துக்கிட்டா தொடை வலியாவது குறையும். பணம் கட்டறதுக்கு முன்னாடி குதிரை வச்சிருக்கிறவங்களுக்கே நேரா மெயில் போட்டு ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் சவாரி, வெயிட் லிமிட் என்ன, ஒரு கைடுக்கு எத்தன பேருன்னு கேளுங்க. நல்ல இடம்னா அவங்களே உங்கள திருப்பி பத்து கேள்வி கேப்பாங்க, எதுவுமே கேக்காம நோ பிராப்ளம்னு மட்டும் பதில் வந்தா வேற இடம் பாத்துக்கோங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, டர்பன்