பைப் மாட்டிய ஸ்பானர்

நாமக்கல்,
வியாழன் இரவு

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மாவும் ஆத்தாவும் நலம். நேரத்துக்குச் சாப்பிடு. ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்காவிட்டால் வெளியே வாங்கிச் சாப்பிடு, காசைப் பார்க்காதே.

மூன்று ஞாயிறாக உன் போன் இல்லை. வேலை இருக்கும், தெரியும். பிசிக்ஸில் சுழற்சிப் பாடம் கஷ்டமாக இருக்கிறதாம் என்று தம்பி சொன்னான். மார்க்கை நான் கேட்கவில்லை. அதற்காக எழுதவும் இல்லை. சாப்பிடாமல் மட்டும் படிக்காதே.

பரணிலிருந்து உன் பிளஸ் ஒன் புத்தகத்தை இறக்கி இரண்டு ராத்திரி படித்தேன். திருப்பு விசை என்று போட்டிருக்கிறான், நட்டைத் திருப்புகிற பலம்தான். விசை, நட்டிலிருந்து தூரம், விசைக்கும் ஸ்பானருக்கும் நடுவே உள்ள கோணத்தின் சைன், மூன்றையும் பெருக்க வேண்டுமாம். பெருக்கினேன். நம் பட்டறைப் பையன் 60 கிலோ, விசையாகச் சுமார் 600 நியூட்டன். அரை மீட்டர் ஸ்பானரின் நுனியில் ஏறி நின்றால் சுமார் 300 நியூட்டன் மீட்டர். லாரி வீல் நட்டு அதற்கெல்லாம் மசியாது. பைப் மாட்டி ஒரு மீட்டராக்கினால் அதே பையன், 600. டக்கென்று இளகும். ஸ்பானர் படுத்த வாக்கில் இருக்க வேண்டும். நட்டுக்கு மேலே செங்குத்தாக நின்றால் எவ்வளவு அமுக்கினாலும் சைன் பூஜ்யம், நட்டு திரும்பாது. 40 வருடம் கையால் செய்ததைப் பேப்பரில் பார்த்தபோது சிரிப்பு வந்தது. எஞ்சினில் சுற்றுகிற கனச் சக்கரம், ஃப்ளைவீல், அதில் கனத்தை ஏன் ஓரத்தில் வைக்கிறான் என்பதும் அந்தப் புத்தகத்தில்தான் புரிந்தது. உன்னைப் பெற்றதால் புத்தகம் தொட்டேன்.

நீ பிளஸ் ஒன் படிக்கும்போது இதே புத்தகத்தோடு பட்டறைக்கு வந்தாய். "பைப் மாட்டினா ஏம்ப்பா லேசாக் கழலுது?" என்றாய். "வண்டி நிக்குது, வீட்ல போய்ப் படி" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். அன்று எந்த வண்டிக்கும் அவசரமில்லை, கண்ணு. எனக்குப் பதில் தெரியவில்லை. அதைச் சொல்ல வெட்கம். அப்புறம் நீ பட்டறைப் பக்கமே வரவில்லை. யாரிடமும் எதையும் கேட்பதும் இல்லை என்று உன் அம்மா சொல்கிறாள்.

சரி, எனக்கு ஒரு சந்தேகம். சரிவில் உருட்டினால் கெட்டி உருளை முதலில் வந்துவிடுமாம், வளையம் பின்தங்குமாம். எடையும் ஆரமும் எதுவானாலும் அப்படித்தானாம். அது எப்படி? ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு. சாப்பிட்டுவிட்டுப் போன் போட்டுச் சொல்லிக் கொடு.

அப்பா