கோணிச் சாக்கில் கிடக்கும் கோலி சோடா பாட்டில்கள்: ஒரு நன்கொடை வேண்டுகோள்

பேரன்புடையீர், வணக்கம்.

கடைத்தெருவில் இருந்த பழைய சோடா கடையைப் போன ஐப்பசியில் இடித்தபோது பரணிலிருந்து 143 பாட்டில்கள் இறங்கின. காயலான் கடைக்குப் போகவிருந்தவற்றைக் கடைக்காரர் குடும்பத்தார் நிறுத்தி, ஊர் நூலகத்துக்குக் கொடுத்தார்கள். அன்று முதல் பின்னறையில் கோணிச் சாக்கில்தான் கிடக்கின்றன. இடம் மாற்றுகையில் எங்கள் கையாலேயே இரண்டு உடைந்துபோயின. அதற்குப் பிறகுதான் இவற்றை நூலகத்தில் அலமாரியில் காட்சிக்கு வைக்க இந்தக் குழுவே அமைந்தது.

"சோடா பாட்டிலுக்கு அலமாரியா?" என்று சிரித்தவர்கள் உண்டு. அவர்கள் கையில் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தோம். கோலி பாட்டில், ஹைராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை பெற்ற வடிவம். தலைகீழாக வைத்துச் சோடா நிரப்பினால், உள்ளிருக்கும் வாயுவே கோலியைக் கழுத்து ரப்பரோடு இறுக்கிவிடும். ஊற்றும்போது கோலி திரும்ப வந்து அடைக்காமலிருக்கத்தான் கழுத்தில் அந்த இரண்டு குழிகள். குழிப் பக்கம் கீழே வரும்படி சாய்க்கத் தெரியாதவருக்குச் சொட்டு இறங்காது! கோலி உள்ளே போனது எப்படி என்று பிள்ளைகள் கேட்பார்கள். வாய் அகலமாக இருக்கும்போதே கோலியைப் போட்டு, சூட்டோடு வாயைக் குறுக்கிவிடுவார்கள்.

நுனி கூர்ந்த முட்டை வடிவ பாட்டில்களும் சில உண்டு. அவை நிற்காது, படுத்தே கிடப்பதால் தக்கை காயாது, வாயுவும் கசியாது. இருட்டில் தடவியே விஷம் என்று தெரிந்துகொள்ள வரிவரியாக வார்த்த நீலக் குப்பி ஒன்று. புடைப்பெழுத்து பாட்டில் ஒன்றில் 'எஸ்' மட்டும் திரும்பி நிற்கிறது. அச்சில் எழுத்தை இடம்வலம் மாற்றி வெட்ட வேண்டும். அந்த ஓர் எழுத்தில் அச்சு வெட்டியவர் மறந்துவிட்டார் போலும். எங்கள் குழுவில் எல்லோருக்கும் பிடித்தது அதுதான்.

பழையதை இனங்காண ஒரு வழி: பக்கவாட்டில் ஓடும் அச்சுக்கோடு (அச்சின் பாதிகள் சேர்ந்த தடம்) வாய்க்குக் கீழேயே நின்றுவிட்டால், வாயைக் கையால் முடித்திருக்கிறார்கள். விளிம்பு வரை ஏறினால் இயந்திரம் செய்தது. அப்படிக் கையால் முடித்தவை 38 தேறின.

வெளிர்பச்சைக் கண்ணாடிக்குள் இருக்கும் காற்றுக் குமிழிகள் பின்னாலிருந்து வெளிச்சம் பட்டால்தான் தெரியும். அதனால் விளக்கு வைத்த மூன்று அலமாரிகள் கேட்டிருக்கிறோம். பெயர் அட்டைகளோடு செலவு ரூ.1,86,000. இதுவரை சேர்ந்தது ரூ.71,500. மீதி ரூ.1,14,500. தைக்குள் கிடைத்தால் தச்சருக்கு முன்பணம் கொடுத்துவிடலாம்.

தொகை எவ்வளவானாலும் நூலகத்தில் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். வரவு செலவு மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். பணம் தர இயலாதவர்கள் பரணில் ஒருமுறை தேடிப் பாருங்கள். மருந்துக் குப்பி, மைக்கூடு எதுவானாலும் சரி. கழுவி மட்டும் கொண்டுவராதீர்கள். காகித லேபிள் ஒட்டியிருந்தால் அது போய்விடும்.

அன்புடன்,
பாட்டில் காட்சிக் குழுவினர்