வெட்டி எறிந்ததையும் கேட்டு வாங்குங்கள்

ஒளிபரப்பு உள்ளடக்கப் புகார் கவுன்சில் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். மும்பை அந்தேரியிலும் கோரேகானிலும் ரியாலிட்டி ஷோக்களுக்கு எடிட்டிங், சவுண்ட் வேலை பார்க்கும் தமிழர்கள் சிலர் சேர்ந்து எழுதுகிறோம்.

ஒரு பெண் போட்டியாளரைச் சண்டைக்காரியாகக் காட்டிவிட்டார்கள் என்று புகார் வந்தால், ஒளிபரப்பான எபிசோடை மட்டும் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. அவள் கத்தியது உண்மைதானே என்று சேனல் சொல்லிவிடும். உண்மைதான்.

பிக் பாஸ் மாதிரி வீடுகளில் கேமரா நாள் முழுக்க ஓடும்; எபிசோட் ஒரு மணி நேரம் சொச்சம். முதலில் வெட்டுப்படுவது சீண்டல். பாத்திரம் கழுவும் முறையை ஒருவன் மூன்று தடவை தட்டிக்கழித்திருப்பான். அவளும் மூன்று தடவை தணிவாகவே கேட்டிருப்பாள். ‘இழுக்குது’ என்று அதெல்லாம் போய், நாலாவது தடவை வெடித்தது மட்டும் டைம்லைனில் நிற்கும். பிறகு ரியாக்‌ஷன் ஷாட். வேறு பொழுதில் யாரோ முகம் சுளித்ததை இங்கே ஒட்டுவார்கள். காதுத் தோட்டையும் டம்ளரில் உள்ள தண்ணீர் அளவையும் கவனித்தால் குட்டு உடையும். வாய் தெரியாமல் முதுகைக் காட்டும்போது வசனம் நீண்டால் ஹெட்போனில் கேளுங்கள். ஏசி இரைச்சல் நடுவில் சட்டென மாறினால் அது இரண்டு பேச்சை ஒட்டியதாக இருக்கலாம்.

சவுண்டில் செய்வது இன்னும் நைச்சியம். பெண் குரலில் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கத்து அதிர்வெண்ணைக் கொஞ்சம் தூக்கினால் போதும், குரல் காதைக் குத்தும். மைக் தாங்காமல் வந்த கரகரப்பையும் அப்படியே விட்டுவிடுவார்கள். ஆண் கத்தினால் குரலின் பாஸைக் கூட்டி, அடியில் டிரம்ஸ் ஓடவிடுவார்கள். அவன் தட்டிக்கேட்பவன் ஆகிவிடுவான். (கோபப்படும் மாமியாருக்கென்றே தனி பி.ஜி.எம். சீரியல் காலத்திலிருந்து வருகிறது.)

1994ஆம் ஆண்டு கேபிள் டிவி விதிகளில் பெண்ணை இழிவுபடுத்தக் கூடாது என்றிருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு பேசுவது உடலைக் காட்டும் விதத்தைப் பற்றி. எடிட் மேசை அதில் சிக்காது. ஒளிபரப்பானதன் பதிவை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வெட்டாத மூல ஃபுட்டேஜைக் காப்பாற்றாது. டிஸ்க்கில் இடம் வேண்டுமென்றால் முதலில் அழிவது அதுதான்.

ஆகவே புகார் வந்த அன்றே, சண்டை போட்ட இருவரின் அன்றைய காலர் மைக் பதிவை முழுதாகக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு மைக்கும் தனித் தடத்தில் பதிவாகிறது. வீடியோ என்றால் ‘பெரிய ஃபைல், எடுத்துத்தர நாளாகும்’ என்பார்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் இருவருடைய 24 மணி நேர ஒலியும் சுமார் 25 ஜிபிதான். 32 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும்.

இப்படிக்கு,
மும்பைத் தமிழ் எடிட்டர்கள், சவுண்ட் ஊழியர்கள் சிலர்