அந்தக் கோடுகளைத் திருப்பிப் போடுங்கள்: புளோரிடா போக்குவரத்துத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஆர்லாண்டோவில் ஆரஞ்சு அவென்யூவும் எஸ்தர் தெருவும் சேரும் மூலையைப் பற்றி எழுதுகிறேன். பல்ஸ் இரவு விடுதியில் இறந்தவர்களின் நினைவாக அங்கே தெருவைக் கடக்கும் இடத்தில் வானவில் நிறத்தில் கோடுகள் இருந்தன. போன மாதம் 20ஆம் தேதி இரவு அவற்றின் மேல் கறுப்பும் வெள்ளையும் அடித்து அழித்தார்கள். நான் விளக்க வேண்டியதில்லை, ஆள் அனுப்பியதே நீங்கள்தான். ஆங்கில மனு தனியாக வந்து சேரும். மனதில் இருப்பதைக் குறையாமல் சொல்ல எனக்குத் தமிழில்தான் வரும் என்பதால் இதையும் எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். அந்த வானவில் கோடுகளைத் திருப்பிப் போடுங்கள்.

நான் அந்தப் பக்கமாக நடந்து வேலைக்குப் போகிறவன். மறுநாள் காலை போனபோது தரையில் கறுப்பும் வெள்ளையும்தான் இருந்தன. பெயின்ட் வாடை அடித்தது. தெரு மாறிவிட்டோமோ என்று ஒரு நொடி தோன்றியது. நிமிர்ந்து பார்த்தால் அதே பல்ஸ் கட்டடம், தன்பாலீர்ப்பாளர்கள் கூடி ஆடிய இரவு விடுதி. 2016 ஜூன் 12 அதிகாலை இரண்டு மணிக்கு, லத்தீன் அமெரிக்க இசைக்கு ஆடும் ‘லத்தீன் இரவு’ முடிகிற நேரத்தில், 49 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட இடம். குண்டடி பட்டுப் பிழைத்தவர்கள் இன்னும் ஐம்பதுக்கு மேல். இறந்தவர்களில் பாதிக்கு மேல் முப்பது வயது தாண்டாதவர்கள்.

என் பக்கத்து வீட்டுக்காரர் போர்ட்டோ ரிக்கோக்காரர். சனிக்கிழமைதோறும் அங்கே ஆடப் போனவர், அந்தச் சனிக்கிழமை மட்டும் போகவில்லை. அதைப் பற்றி அவர் பேசுவதில்லை, நானும் கேட்டதில்லை. ஆனால் அந்தக் கோடுகள் வந்த பிறகு, எங்கே போவதானாலும் கொஞ்சம் சுற்றிக்கொண்டு அந்த மூலை வழியாகப் போவார். சிவப்புப் பட்டையில் காலை வைத்து, ஊதாவில் இறங்குவார். கட்டடத்தைச் சுற்றி வேலி. உள்ளே போக முடியாது, சுவரைத் தொட முடியாது. காலால் தொடுவதற்கென்று அவருக்கு இருந்தது அந்தச் சில அடி தரை மட்டும்தான். ஆகஸ்ட் 21 அன்று அவர் நடைபாதை ஓரத்தில் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். அப்புறம் கடக்காமலே திரும்பி வீட்டுக்குப் போய்விட்டார். இன்றுவரை அந்த மூலைக்கு வரவில்லை.

நீங்கள் எடுத்துக்கொண்டது இதைத்தான். வெறும் பெயின்ட்தானே என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

அந்த வாரம் ஊர்க்காரர்கள் சாக்பீஸோடு வந்தார்கள். நானும் போனேன். கோலம் போட்டுப் பழகிய வீட்டில் வளர்ந்தவன், தரையில் குனிந்து வண்ணம் தீட்ட எனக்குக் கூச்சம் இல்லை. பச்சைப் பட்டையில் ஒரு முழம் எனக்குக் கிடைத்தது. பக்கத்தில் ஒரு அம்மாள் மஞ்சளைத் தேய்த்துக்கொண்டிருந்தார், விரல் நுனியெல்லாம் தாரில் உரசிச் சிவந்திருந்தது. சாயங்காலம் இந்த ஊரின் வழக்கமான மழை வந்து எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு போனது. மறுநாள் வேறு ஆட்கள் வந்து மறுபடியும் தீட்டினார்கள். நீங்கள் மறுபடியும் கறுப்பு அடித்தீர்கள். பிறகு ரோந்துப் போலீஸ் நின்றது. ஷூவின் அடியில் சாக்பீஸைத் தடவிக்கொண்டு நடந்த ஒருவரைக் கைது செய்தார்கள். மழை ஐந்து நிமிடத்தில் செய்கிற வேலைக்குக் கைவிலங்கு எதற்கு? அதிகாரிகளே, இதை நீங்களே உங்கள் வீட்டில் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

காரணம் பாதுகாப்பு என்கிறீர்கள். சரி, பாதுகாப்பைப் பற்றியே பேசுவோம். அந்தக் கோடுகள் 2017இல் உங்கள் துறையின் ஒப்புதலோடுதான் வந்தன. அங்கே ஆபத்து என்பதற்குப் புள்ளிவிவரம் எதுவும் காட்டப்படவில்லை என்று எங்கள் மேயரே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். சாலை ஓவியம் தீட்டிய 17 இடங்களை ஆராய்ந்து புளூம்பெர்க் அறக்கட்டளை 2022இல் வெளியிட்ட அறிக்கை, நடந்து போகிறவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் சிக்கும் விபத்து அங்கெல்லாம் பாதியாகக் குறைந்தது என்கிறது. இன்னொரு பக்கம், நடந்து போகிறவர்களுக்கு அமெரிக்காவிலேயே மிக ஆபத்தான பெருநகரப் பகுதி என்று ஆர்லாண்டோவின் பெயர் ஒரு முறைக்கு மேல் பட்டியலின் முதலிடத்தில் வந்திருக்கிறது. ஆறு வழிச் சாலைகளில் நடுவே ஒதுங்க இடமில்லாமல் முதியவர்கள் ஓடிக் கடக்கிறார்கள். இருட்டில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களுக்கு விளக்கு இல்லை. ராத்திரியோடு ராத்திரியாக ஆள் அனுப்பும் அவசரத்தை அங்கே காட்டியிருந்தால் நாங்கள் கையெடுத்துக் கும்பிட்டிருப்போம்.

இந்த ஒரு மூலையோடும் நிற்கவில்லை. டேடோனா பீச்சில் பந்தயக் கொடி போலக் கட்டம் போட்ட நடைபாதைக் கடவையும் போயிற்று, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலும் கீ வெஸ்டிலும் வானவில் போயிற்று. எல்லோருக்கும் ஒரே விதி என்பீர்கள். ஆனால் பந்தயக் கொடி யாருடைய சாவையும் நினைவுகூரப் போட்டது இல்லை. ஒரே விதி என்று சொல்லி நினைவிடத்தையும் அலங்காரத்தையும் ஒரே உருளையால் அழிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இந்த ஊரில் மூன்று லட்சம் பேருக்குச் சற்று மேல் இருக்கிறோம். நியூயார்க் மாதிரி தெருவுக்கு நாலு விடுதி இங்கே கிடையாது. 1975 முதல் தன்பாலீர்ப்பாளர்களுக்கு வீடாக இருந்த பார்லிமென்ட் ஹவுஸ் என்ற விடுதி 2020இல் மூடியது. 2023இல், ஆண்கள் பெண் வேடமிட்டு ஆடிப்பாடும் டிராக் போன்ற நிகழ்ச்சிகளைக் குறிவைத்து ஒரு சட்டம் வந்தது, ஊர் நடுவே இருந்த ஒரு உணவகம் அதை எதிர்த்து நீதிமன்றம் ஏற வேண்டி வந்தது. இரவு விடுதி என்றால் குடியும் கூத்தும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கலாம். பகலெல்லாம் அலுவலகத்தில், கோவிலில், அம்மாவிடம் தொலைபேசியில் ஒளிந்து பேசிவிட்டு, ராத்திரி ஒரு மணி நேரம் பிடித்தவன் கையை எல்லோரும் பார்க்கப் பிடித்துக்கொள்கிற இடம் அது. நான் அப்படி இருந்தவன், அதனால் சொல்கிறேன். எய்ட்ஸால் இறந்த அண்ணனின் இதயத் துடிப்பு நிற்கக்கூடாது என்றுதான் 2004இல் ஒரு தங்கை அந்த விடுதியைத் திறக்க முன்வந்து, அதற்குப் பல்ஸ் என்று பெயர் வைத்தார். நாடி. அந்த நாடியின் மேல்தான் உங்கள் வண்டி ஏறிப் போயிருக்கிறது.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டேன். சட்டங்களை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இல்லை என்று எனக்குத் தெரியும். பெயின்ட் அடிக்கும் அதிகாரம் உங்களுடையது. நிலத்தை 2023இல் நகராட்சி வாங்கிவிட்டது, நிரந்தர நினைவிடம் 2027இல் முடியும் என்கிறார்கள். அதற்கு முன்னால் அடுத்த ஜூன் 12 வருகிறது, அன்றோடு பத்து வருடம். இறந்த பிள்ளைகளின் தாய்மார் அன்றைக்கும் அந்த மூலைக்கு வருவார்கள்.

விதிப்படி பட்டையின் அகலம் மாற வேண்டுமா, வழுக்காத பெயின்ட் வேண்டுமா, ஓரங்களில் வெள்ளைக் கோடு பெரிதாக வேண்டுமா, சொல்லுங்கள், பேசுவோம். செலவு பிரச்சினை என்றால் ஊரில் தட்டை ஏந்தினால் ஒரே சாயங்காலத்தில் நிரம்பிவிடும். ஜூன் 12க்குள் அந்தக் கோடுகளைத் திருப்பிப் போடுங்கள். முடியாது என்றால், எந்த விபத்தை வைத்து முடிவெடுத்தீர்கள் என்று தேதியோடு எழுத்தில் பதில் தாருங்கள். பக்கத்து வீட்டில் காட்ட வேண்டும்.

பணிவுடன்,
ஆரஞ்சு அவென்யூவில் தினமும் நடந்து போகிற ஒருவன்,
ஆர்லாண்டோ, செப்டம்பர் 2025