விமானம் பார்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். அறிக்கையின் நகல் அவர்களுக்கும் போகும். படிப்பதும் படிக்காததும் அவர்கள் பாடு.

செயற்குழுக் கூட்டங்கள் விதிப்படி நடந்தன. புகைப்படக் கண்காட்சி வழக்கம்போல் நடந்தது. மாணவர்களுக்கான அறிமுக வகுப்பு ஒன்றும் நடந்தது. போயிங் 737-இன் வால் அடியில் ஒரு மடிப்பு இருக்கும், ஏர்பஸ் ஏ320-இல் இருக்காது என்பதைப் பிள்ளைகள் நம்மில் சிலரைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டார்கள். மறைந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தப்பட்டது.

இனி, ஓடுபாதையைக் காட்டும் நம் கேமரா நேரலை விஷயம். இந்த அறிக்கையில் பெரும்பகுதி இதைப் பற்றித்தான், ஏனென்றால் ஆண்டில் பெரும்பகுதி இதற்குத்தான் போனது.

2022 பிப்ரவரி 18 அன்று யூனிஸ் புயல் அடித்தபோது, லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் விமானங்கள் பக்கவாட்டுக் காற்றோடு மல்லுக்கட்டி இறங்குவதை ‘பிக் ஜெட் டிவி’ என்ற இணையச் சேனல் நேரலையாகக் காட்டியது. ஒரே நேரத்தில் 2 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். அதில் நம் சங்கத்தார் பலரும் உண்டு. அதற்குப் பிறகு ஒவ்வொரு பொதுக்குழுவிலும் யாராவது எழுந்து “நாமும் ஒன்று ஆரம்பிக்கலாமே” என்பார்கள், கைதட்டல் விழும், கூட்டம் கலையும். சென்ற பொதுக்குழுவில் அது தீர்மானமாகவே நிறைவேறியது. பொறுப்பை யார் எடுத்துக்கொள்வது என்று தலைவர் கேட்டபோது மட்டும் அரங்கம் அமைதியானது. எதற்கும் ஆள் கிடைக்காவிட்டால் அது செயலாளர் தலையில் விழும் என்பது நம் சங்கத்தின் எழுதப்படாத விதி.

வேலையைத் தொடங்கியதும் ஆலோசனைகள் குவிந்தன. முக்கால்வாசி ஆலோசனை ஒரே கேள்விதான்: “இது சட்டப்படி செல்லுமா?” கேட்டவர்கள் நிறைய, பதிலைத் தேடியவர்கள் குறைவு. சிலருக்கு அந்தக் கேள்வி, வேலை செய்யாமல் இருக்க நல்ல சாக்காகவும் அமைந்துவிட்டது.

ஆனால் கேள்வி நியாயமானது, அதை மறுக்கவில்லை. 2001 நவம்பரில் கிரேக்க நாட்டின் கலமாட்டா விமானப்படைத் தளத்துக்குப் பொதுமக்கள் பார்வை நாளில் போன பிரிட்டன், நெதர்லாந்து ஆர்வலர்கள் உளவு பார்த்ததாகக் கைது செய்யப்பட்டார்கள். விமானங்களின் பதிவெண்களைக் குறித்து வைப்பது ஒரு பொழுதுபோக்கு என்பதை அங்கே யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. 2002 ஏப்ரலில் 14 பேருக்கும் தண்டனை விதித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் மேல்முறையீட்டில் விடுதலை. ஓர் ஆண்டு அலைச்சல், அவமானம், வழக்குச் செலவு எல்லாம் போனது போனதுதான்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது, ஒரே நாட்டுக்குள்ளும் படத்துக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று. பிரிட்டனில் மான்செஸ்டர் விமான நிலையம் ஆர்வலர்களுக்கென்றே ஒரு பூங்காவை நடத்துகிறது. அதில் ஒலியைவிட வேகமாகப் பறந்த பழைய கான்கார்டு விமானம் ஒன்றையும் நிறுத்தி வைத்திருக்கிறது. அதே பிரிட்டனில் விமானிக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் நடக்கும் ரேடியோ பேச்சைக் கேட்பதும், கேட்டதை வெளியே பரப்புவதும் 2006-ஆம் ஆண்டின் வயர்லெஸ் தந்திச் சட்டப்படி குற்றம். இந்தப் பேச்சை இணையத்தில் நேரலையாகக் கேட்க வைக்கும் லைவ் ஏடிசி தளத்தில் பிரிட்டன் நிலையங்கள் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். அமெரிக்காவில் அதே பேச்சைத் தாராளமாகக் கேட்கலாம். இந்தியாவில் 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 13-ஆம் விதி, அரசு விமான நிலையத்திலும் பறக்கும் விமானத்திலிருந்தும் எழுத்து அனுமதி இல்லாமல் படம் எடுக்கக் கூடாது என்கிறது. 2025 மே மாதம் அங்கே ராணுவ விமானத்தளங்களில் இறங்கி ஏறும் பயணிகள் விமானங்களில் ஜன்னல் மறைப்பையே மூடி வைக்கச் சொன்னார்கள். ஐரோப்பாவில் வேறொரு தலைவலி. வீட்டில் மாட்டிய கேமரா பொதுத்தெருவையும் பதிவு செய்தால் அதை வெறும் சொந்த உபயோகம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்று 2014-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதையெல்லாம் குழுவில் எழுதிப் போட்டேன். கட்டைவிரல் படங்கள் வந்தன.

நம் உறுப்பினரான வழக்கறிஞர் ஒருவர் (சந்தா ஒழுங்காகக் கட்டுபவர் என்பதையும் பதிவு செய்கிறேன்) சொன்ன யோசனைதான் வழியைத் திறந்தது. “செல்லுமா, செல்லாதா என்று மொத்தமாகக் கேட்காதீர்கள். கேமரா எங்கே நிற்கிறது, எதைப் பார்க்கிறது, எதைக் கேட்கிறது, யாருடைய தகவலைக் காட்டுகிறது என்று தனித்தனியாகக் கேளுங்கள்” என்றார். அப்படியே செய்தோம்.

நிற்கும் இடம் வேலிக்கு வெளியே, தனியார் கட்டடத்தின் மொட்டைமாடி. உரிமையாளரிடம் எழுத்து மூலம் சம்மதம் வாங்கியிருக்கிறோம். மின்சாரம், இணைய இணைப்பு, மாடிக்கு யார் எப்போது ஏறலாம் என்பது உட்பட. பலருக்குத் தோன்றாத விஷயம் ஒன்று உண்டு. விமான நிலையத்தை ஒட்டிய பகுதியில் எதை நட்டாலும் அதன் உயரத்துக்கு வரம்பு இருக்கும். விமானம் இறங்கி ஏறும் பாதையின் கீழே தடை எதுவும் முளைக்கக் கூடாது என்பது உலகம் முழுக்க உள்ள ஏற்பாடு. மாடியில் ஒரு கம்பம் நட்டாலும் கட்டடத்தின் உயரத்தோடு அதையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். “இன்னும் நாலடி ஏற்றினால் டாக்சிவேயும் (விமானங்கள் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் வழி) தெரியுமே” என்று கேட்டவர்களுக்கு இதுவே பதில்.

கேமரா ஓடுபாதையை மட்டும் பார்க்கிறது. திரும்பிப் பெரிதாக்கும் கேமராக்களில், திரையில் ஒரு பகுதியை நிரந்தரமாகக் கறுப்பாக்கும் வசதி உண்டு. கேமரா எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தக் கறுப்புக் கட்டம் அதே இடத்தை மறைத்தபடியே நகரும். பக்கத்து வீடுகளின் ஜன்னல்கள், தெரு, பாதுகாப்புச் சாவடி மூன்றையும் அப்படி மறைத்திருக்கிறோம். இடது ஓரத்தில் ஏன் கறுப்பாக இருக்கிறது, கேமரா பழுதா என்று மாதந்தோறும் யாராவது விசாரிக்கிறார்கள். பழுதில்லை. அந்தக் கறுப்பு இருப்பதால்தான் கேமரா இன்னும் மாடியில் இருக்கிறது.

கோபுரப் பேச்சின் ஒலியைச் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தோம். எஞ்சின் சத்தம் மட்டும் போகிறது. அதிலும் கீழே யாராவது பாட்டு வைத்தால் பதிப்புரிமை எச்சரிக்கை வந்துவிடுகிறது, மாடியில் யாராவது பேசினால் அந்தப் பேச்சு உலகம் முழுக்கக் கேட்கிறது. அதனால் மைக்கை ஓடுபாதைப் பக்கம் திருப்பி, பின்புறம் தடுப்பு வைத்திருக்கிறோம். திரையில் வரும் விமான எண், உயரம், வேகம் எல்லாம் நம் சொந்த ரிசீவர் வாங்கித் தருபவை. விமானங்கள் 1090 மெகாஹெர்ட்ஸில் தாமாகவே ஒலிபரப்பும் தகவல் அது. வேறொரு தளத்தின் திரையை எடுத்து ஒட்டினால் அவர்களுடைய நிபந்தனைகளுக்கும் கட்டுப்பட வேண்டியிருக்கும்.

விமான நிலைய நிர்வாகத்துக்கும் எல்லாவற்றையும் வரைபடத்தோடு எழுதினோம். பதில் வர நெடுநாள் ஆனது. வந்தது இரண்டே வரி: கம்பத்தின் உயரத்துக்கு ஆட்சேபம் இல்லை, ஓடுபாதை தவிர வேறெதையும் காட்ட வேண்டாம். கடிதம் சங்கக் கோப்பில் இருக்கிறது, யாரும் வந்து பார்க்கலாம் என்று அறிவித்தேன். சட்டக் கேள்வி எழுப்பியவர்களில் ஒருவரும் இதுவரை வரவில்லை.

தொழில்நுட்பப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1080 தரத்தில் நொடிக்கு 6 மெகாபிட் அனுப்பினால் ஒரு நாளைக்குச் சுமார் 65 ஜிபி போகும். அதனால்தான் மொபைல் டேட்டாவில் ஓட்டலாமே என்ற யோசனையை ஏற்கவில்லை. யூடியூப் 12 மணி நேரத்துக்கு மேல் ஓடும் நேரலையைச் சேமித்து வைக்காது. எனவே ஒளிபரப்பை அதற்குள் நிறுத்தி மறுபடி தொடங்குகிறோம். நடுப்பகலில் படம் நெளிகிறது என்ற புகாருக்குத் தீர்வு கிடையாது. சூடான ஓடுபாதையின் மேல் காற்று அலைகிறது, எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸ் போட்டாலும் அதுவும் அலையைத்தான் காட்டும்.

இரவில் திரையின் குறுக்கே வெள்ளையாக ஒளிரும் கயிறு தெரிகிறது, மர்மப் பொருளாக இருக்கலாம் என்று குழுவில் பரபரப்பு ஓடியது. டார்ச்சோடு மாடிக்கு ஏறிப் பார்த்தால், கேமராவைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகளுக்குப் பூச்சிகள் வந்திருக்கின்றன, பூச்சிகளுக்காகச் சிலந்தி வந்திருக்கிறது. லென்ஸுக்கு ஒரு விரல் தூரத்தில் கனகச்சிதமான வலை. தொலைவில் இருக்கும் ஓடுபாதைக்கு அந்த விளக்குகளால் பயனே இல்லை என்பதால் அவற்றை அணைத்துவிட்டோம். சிலந்தி இரண்டு நாளில் இடம் மாறிவிட்டது. மர்மப் பொருள் என்று எழுதியவர்கள் அதன்பின் ஒன்றும் எழுதவில்லை.

ஒளிபரப்பு வேண்டுமென்றே ஒரு நிமிடம் தாமதமாகப் போகிறது. வழக்கத்துக்கு மாறாக ராணுவ நடமாட்டமோ முக்கியப் பிரமுகர் வருகையோ தென்பட்டால், பொறுப்பில் இருப்பவர் அறிவிப்பு அட்டையைப் போட்டு மறைக்க அந்த ஒரு நிமிடம் வேண்டும். விபத்து நடந்தாலும் இதே விதிதான்: ஒளிபரப்பு உடனே நிற்கும், பதிவை அழிக்காமல் பத்திரப்படுத்தி விசாரணை அதிகாரிகளிடம் கொடுப்போம், எந்த ஊடகத்துக்கும் விற்க மாட்டோம். “விற்றால் சங்கத்தின் கடன் அடையுமே” என்று செயற்குழுவில் ஒரு குரல் எழுந்தது. அந்தக் குரலுக்குரியவர் தம் சந்தா பாக்கியை அடைத்தாலே கடனில் ஒரு பங்கு தீரும் என்று தலைவர் சொன்னார். நான் சொல்லவில்லை, தலைவர் சொன்னது.

இங்கேதான் என் மனக்குறை. மேலே சொன்ன அத்தனை விதிகளும் திரைக்கு முன்னால் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால்தான் நடக்கும். கண்காணிப்பு முறைப்பட்டியலில் பெயர் கொடுத்தவர்கள் பலர். தம் முறைக்கு வந்தவர்கள் சிலர். இரவு முறை என்றால் வழக்கமாக அதே மூன்று பேர். உரையாடல் பகுதியில் “இந்தக் கேமரா எந்தக் கட்டடத்தில் இருக்கிறது”, “போர் விமானங்கள் எத்தனை மணிக்கு வரும்” என்று கேட்கிறவர்களையெல்லாம் யாராவது பார்த்து நீக்க வேண்டும். முறைக்கு வர நேரமில்லை என்ற உறுப்பினர் ஒருவர் அதே இரவு, அதே நேரலையில் பார்வையாளராக இருந்து “இன்றைக்கு 777 லேட்டா?” என்று கேட்டிருக்கிறார். லேட்டுதான், ஐயா.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். என் அளவில் சொல்வதானால், வரவைவிடச் செலவு சற்றுக் கூடுதல். அந்தச் சற்றைச் சிலர் கைமாற்றாகக் கொடுத்திருக்கிறோம். சந்தா பாக்கி வைத்திருப்போர் பட்டியலை இங்கே வாசிக்க வேண்டாம் என்று செயற்குழு கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் என் சட்டைப்பையில் இருக்கிறது. நேரலையில் விளம்பரம் போட்டுச் சம்பாதிக்கலாமே என்கிறவர்கள் கவனிக்க: அதற்கு யூடியூபில் 1,000 சந்தாதாரர்களும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அது கிடைத்தாலும், வருமானம் இல்லாத பொழுதுபோக்கு என்று சொல்லித்தான் மாடி உரிமையாளரிடம் சம்மதம் வாங்கியிருக்கிறோம். பணம் வர ஆரம்பித்தால் அவரிடமும் நிர்வாகத்திடமும் மறுபடி முதலிலிருந்து பேச வேண்டும்.

மாடி தந்த கட்டட உரிமையாளருக்கும், வழக்கறிஞருக்கும், பொருளாளருக்கும், கண்காட்சிக்கு மேசை நாற்காலி தந்தவர்களுக்கும், பொறுமையோடு வழிநடத்திய தலைவருக்கும் சங்கத்தின் நன்றி. இரவு முறைக்கு வந்த மூவர் தங்கள் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு நிர்வாகிகள் தேர்தல். செயலாளர் பதவிக்கு விண்ணப்பப் படிவம் பொருளாளரிடம் கிடைக்கும். இந்த நிமிடம் வரை யாரும் வாங்கவில்லை என்று கேள்விப்பட்டேன். நான் மறுபடி நிற்பேனா என்று சிலர் அக்கறையோடு கேட்டார்கள். முறைப்பட்டியல் நிரம்பினால் யோசிக்கலாம். பட்டியல் வாசலில் ஒட்டப்பட்டிருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறேன். அப்புறம், மழைக்காலத்துக்கு முன்பாகக் கேமராவின் கண்ணாடி மூடியை மாற்ற வேண்டும். வேலையை நானே செய்துவிடுவேன், கீழே ஏணியைப் பிடிக்க மட்டும் ஓர் ஆள் தேவை. வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு.

நன்றி, வணக்கம்.

செயலாளர்