அந்த ட்ரையிங் ரூமை விட்டுவிடுங்கள்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் நான் படித்த உறைவிடப் பள்ளியின் ஆளுநர் குழுவினருக்கு,

வணக்கம்.

உங்கள் நன்கொடை வேண்டுகோள் போன மாதம் வந்து சேர்ந்தது. நல்ல கனமான, வழவழப்பான தாள். மூன்றாம் பக்கத்தில் எங்கள் ஹவுஸின், அதாவது நாங்கள் தங்கியிருந்த விடுதிக் கட்டடத்தின், தரைத்தள வரைபடம். நடையின் கோடியில், கொதிகலன் அறையை ஒட்டி, பச்சை நிறத்தில் ஒரு பெட்டி போட்டு ‘நலவாழ்வு மையம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே பீன்பேக் இருக்கைகள். செயலியில் முன்பதிவு செய்துவிட்டு வந்து பிள்ளைகள் இருபது நிமிடம் அமைதியாக உட்காரலாமாம். அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்பதை மட்டும் படத்தில் காணோம்.

அது ட்ரையிங் ரூம், நனைந்த துணிகளைக் காயப்போடும் அறை. உங்களுக்கும் தெரியும்.

இதுபற்றி முறையாக ஆங்கிலத்தில் எழுதினேன். ‘தங்கள் கருத்தைக் குறித்துக்கொண்டோம்’ என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. சரி, குறித்துக்கொண்டீர்கள். இனி எல்லாரும் பார்க்க, தமிழில் எழுதுகிறேன். சென்னையிலும் கொழும்பிலும் கோலாலம்பூரிலும் நட்சத்திர ஓட்டல்களில் மேசை போட்டு உங்களைப் போன்ற பள்ளிகள் பிள்ளை சேர்க்கின்றன. அந்த மேசைக்கு எதிரே உட்காரும் பெற்றோருக்கு இந்த மடல் புரியும். உங்களுக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றால் பள்ளியிலேயே ஒரு தமிழ்ப் பிள்ளையாவது இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

கோரிக்கை ஒன்றே ஒன்று. அந்த அறையில் கை வைக்காதீர்கள்.

உங்களில் சிலர் அங்கேயே படித்தவர்கள் என்பதால் அறையை விவரிக்கத் தேவையில்லை. கட்டட வரைஞர் பார்த்திருக்க மாட்டார், அவருக்காகச் சொல்கிறேன். சுவரோரம் மணிக்கட்டுப் பருமனில் இரும்புக் குழாய்கள். தலைக்கு மேலே மரச்சட்டங்கள், கயிற்றை இழுத்தால் கூரைவரை ஏறும். அவற்றில் ஹாக்கி காலுறைகள், ரக்பி சட்டைகள், யாருடையது என்றே தெரியாத துண்டுகள். தரையில் பூட்ஸிலிருந்து காய்ந்து உதிர்ந்த சேறு. ஈரக் கம்பளி நாற்றம். சன்னல் எந்நேரமும் வியர்த்துக்கொண்டிருக்கும். கொதிகலன் ஓடத் தொடங்கியதும் குழாய்கள் டக் டக்கென்று தட்டும், அப்புறம் மெல்லச் சூடு ஏறும். யாரும் அழைப்பிதழில் படம் போடக்கூடிய இடம் இல்லைதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் அங்கே வந்தேன். அப்பா புருனேயில், செரியா எண்ணெய் வயலில் பொறியாளர். கம்பெனியே பள்ளிக் கட்டணம் கட்டும் ஏற்பாடு இருந்ததால், அங்கிருந்த பல வீட்டுப் பிள்ளைகளைப் போல என்னையும் அனுப்பிவிட்டார்கள். செரியாவில் வருஷம் முழுக்கச் சூரியன் ஆறு, ஆறரைக்குத்தான் விழும். யார்க்‌ஷயரில் டிசம்பரில் நாலு மணி ஆகுமுன்பே இருட்டிவிடும். மைதானத்திலிருந்து நனைந்து வந்து, விரல் மடங்காமல், அந்தக் குழாயில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபோதுதான் என் உடம்பு என் உடம்பாக இருந்தது. சூடு ஒரு காரணம். ஆனால் அதற்காக மட்டும் இந்த மடலை எழுதவில்லை.

தொலைபேசியைப் பற்றிச் சொல்கிறேன். ஹவுஸுக்கே ஒன்றுதான், படிக்கட்டுக்குக் கீழே, சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில். கதவு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சேப்பலில் பிரார்த்தனை முடிந்து பதினொரு மணிக்கு அம்மா கூப்பிடுவாள். செரியாவில் அப்போது இரவு ஏழு. எனக்குப் பின்னால் அஞ்சாறு பேர் வரிசையில் நிற்பார்கள். நான் தமிழில் வாயைத் திறந்தால் போதும், அதே ராகத்தில் யாராவது ஒப்பித்துக் காட்டுவார்கள். கெட்ட பிள்ளைகள் என்று சொல்ல மாட்டேன், நிற்கிற நேரம் போகவேண்டுமே. அதனால் எங்கள் பேச்சு இப்படித்தான் இருக்கும்.

“சாப்டியா?”

“ம்.”

“ரொம்பக் குளிருதா?”

“இல்ல.”

“யாராவது ஏதாவது சொல்றாங்களாடி?”

“சரிம்மா, வெச்சிடறேன்.”

அந்தத் தொலைபேசிக்கு மேலே, பிள்ளைகளுக்கான உதவித் தொலைபேசிச் சேவையான சைல்ட்லைனின் ஒட்டுப்படம் ஒன்று இருந்தது. மனக்கஷ்டம் இருந்தால் இந்த இலவச எண்ணில் கூப்பிட்டுப் பேசுங்கள் என்று. வரிசையில் நிற்கிற அஞ்சாறு பேர் கேட்கும்படி! அதை அங்கே ஒட்டியவர் நல்லவராகத்தான் இருந்திருப்பார்.

போனை வைத்துவிட்டு நேரே ட்ரையிங் ரூமுக்குப் போவேன். அம்மா கேட்டதற்கெல்லாம் அங்கேதான் பதில் சொல்வேன். தமிழில், வாய்விட்டு, தொங்குகிற காலுறைகளைப் பார்த்து. ஆமாம்மா, ரொம்பக் குளிருது. ஆமாம்மா, சொல்றாங்க. அவள் எழுதிய நீல வான்மடல்களையும் அங்கேதான் பிரிப்பேன். எட்டுக் கட்டில் போட்ட டார்மில், எங்கள் படுக்கைக் கூடத்தில், கடிதத்தைப் பிரித்தால் மற்ற ஏழு பேரும் என்ன விசேஷம் என்பார்கள். மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் சாப்பிட்டு, மணி அடித்தால் ப்ரெப்புக்கு, அதாவது வீட்டுப்பாடத்துக்கு, உட்கார்ந்து, கழிப்பறைக் கதவைக்கூட ஒருவர் தட்டிக்கொண்டிருக்கும் வீட்டில், ஒரு பிள்ளையைத் தேடி யாரும் வராத இடம் அது ஒன்றுதான்.

பாதுகாப்பு என்று சொல்வீர்கள் என்று தெரியும். வேண்டுகோளிலேயே ‘கண்காணிப்பில்லாத பகுதிகளைக் குறைத்தல்’ என்று ஒரு வரி இருக்கிறது. பள்ளிகளில் பிள்ளைகளுக்கு நடந்த கொடுமைகளைப் படித்தவர் யாரும் அந்தக் கவலையைச் சிறியது என்று சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் அந்த அறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. மணிக்கொரு தரம் யாராவது துணி எடுக்க வருவார்கள். எங்களைக் கவனித்துக்கொண்ட மேட்ரன் அம்மா வரும்போது நடையிலேயே சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வருவார். உள்ளே இருப்பவர் முகத்தைத் துடைத்துக்கொள்ள அவகாசம். வந்து, சட்டத்தை இறக்கி, காய்ந்ததை மடித்து எடுத்துக்கொண்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் போய்விடுவார். ஆனால் அந்த வாரம் யார் அதிகம் அங்கே இருந்தார்கள் என்று அவருக்குத் தெரியும். அவர்களுக்கு இரவுப் பாலோடு ஒரு பிஸ்கட் கூடுதலாக வரும். இதற்கு ஒரு கண்ணாடிச் சுவரும் ஒரு செயலியும் ஈடு என்கிறீர்களா?

இன்னொன்று. இங்கிலாந்து அரசு உறைவிடப் பள்ளிகளுக்கு வகுத்த தேசியக் குறைந்தபட்ச நெறிமுறைகள் உங்கள் அலுவலக அலமாரியில் கட்டாயம் இருக்கும். தனியாக இருக்க விரும்பும் பிள்ளைகளுக்குப் பள்ளியில் பாதுகாப்பான இடங்கள் இருக்கவேண்டும் என்று அதில் வருகிறது. பிள்ளை விரும்பினால், என்கிறது. முன்பதிவு செய்தால் என்று அதில் இல்லை. நடையில் போகிற வருகிறவர்கள் எல்லாம் ‘ஓ, இவள் இன்றைக்கு மனசு சரியில்லாமல் இருக்கிறாள்’ என்று கண்ணாடி வழியே பார்த்துவிட்டுப் போகிற இடத்துக்குத் தனிமை என்று பெயர் வைக்க உங்களால்தான் முடியும். ஜவுளிக்கடைப் பொம்மைகூட அதைவிடத் தனியாக நிற்கும்.

இப்போது பிள்ளைகள் கையிலேயே போன் இருக்கிறது, படிக்கட்டுக்குக் கீழே வரிசை இல்லை என்பீர்கள். அதனால்தான் அறை கூடுதலாகத் தேவை. வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுகிற பிள்ளை எங்கே போய்ப் பேசும்? டார்மில் பேசினால் அம்மாவும் சேர்ந்து எல்லாருக்கும் காட்சிப்பொருள்.

உங்கள் கஷ்டமும் தெரியாமல் இல்லை. 2025 ஜனவரி முதல் கட்டணத்தின் மேல் 20 சதவீத வாட் வரி. உள்ளூர்ப் பிள்ளைகள் குறைந்தால் வெளிநாட்டுப் பிள்ளைகளை வைத்துத்தான் சமாளிக்கவேண்டும். அதற்குக் கையேட்டில் போட ஒரு படம் வேண்டும், ஈரக் காலுறைகளைப் போட முடியாது, பச்சைப் பெட்டியைப் போடலாம். நியாயம்தான். நலவாழ்வு என்ற சொல்லை அச்சடிக்க ஆரம்பித்ததிலிருந்து சுவருக்குச் சுவர் ‘பேசுங்கள்’, ‘பகிருங்கள்’ என்று ஒட்டியிருக்கிறீர்கள். பேசாமல் இருக்க ஒரு மூலை வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எக்ஸியட் என்ற விடுப்பு வார இறுதிகளில் உள்ளூர்ப் பிள்ளைகள் வீட்டுக்குப் போக, நாங்கள் பெட்டியோடு யாரென்றே தெரியாத கார்டியன் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்திருப்போமே, அதற்கு ஏதாவது செயலி உண்டா? மிளகையே காரம் என்று சொல்லும் சமையலறைக்கு? பன்னிரண்டு வயதில் பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்புவதைப் பெருமையாக நினைக்கும் நம் வீடுகளுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். அது வேறு மடல், வேறு நாள் எழுதுகிறேன்.

மன்னியுங்கள், கேட்க வந்ததை மறுபடி கேட்டுவிடுகிறேன். அறையை அப்படியே விட்டுவிடுங்கள். சன்னல் சட்டம் உளுத்திருந்தால் மாற்றுங்கள். குழாய் ஒழுகினால் அடையுங்கள். ஒரு நல்ல பெஞ்சு போட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் அதற்கு ஒரு புதுப் பெயர் வைக்காதீர்கள், பலகை மாட்டாதீர்கள், நேர அட்டவணை ஒட்டாதீர்கள். நலவாழ்வு மையம் கட்டவே கூடாது என்று சொல்லவில்லை. தாராளமாகக் கட்டுங்கள். கோப்பைகள் அடுக்கிய அறை ஒன்று நடையின் மறு கோடியில் சும்மாதானே இருக்கிறது, அதற்கு நல்ல வெளிச்சமும் உண்டு.

அடுத்த குழுக் கூட்டத்தில் வரைபடத்தை இறுதி செய்யப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன், தயவுசெய்து, இப்போது ஹவுஸில் இருக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் அந்த அறையைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள். பெயர் எழுதாத சீட்டில் கேளுங்கள், கூட்டம் போட்டுக் கேட்டால் சொல்ல மாட்டார்கள். உங்கள் படிவத்தில் ‘நன்கொடை எந்தப் பணிக்கு’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ‘ட்ரையிங் ரூம் குழாய்களுக்கு’ என்று எழுதி, தொகையும் நிரப்பி, கையெழுத்து மட்டும் போடாமல் வைத்திருக்கிறேன். உங்கள் முடிவு தெரிந்ததும் போட்டு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மரியாதையுடன்,
உங்கள் பழைய மாணவி ஒருத்தி