மொத்த விலையை வரியோடு காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு அல்சூரில் இருபத்திரண்டு ஆண்டுகளாக எழுதுபொருள் கடை நடத்தி வருகிறேன். வாரந்தோறும் அவென்யூ சாலைக்கு நேரில் போய்ச் சரக்கு எடுத்து வந்த என்னைப் போன்ற சில்லறை வியாபாரிகள் பலர், இப்போது மொத்த வியாபாரிகளின் இணையக் கடைகளிலேயே கொள்முதல் செய்கிறோம். அங்கே விலை காட்டப்படும் முறையைப் பற்றியே இக்கடிதம்.

சென்ற மாதம் அப்படியொரு கடையில் என் கணக்கைத் திறந்தபோது, எனக்கான தனி விலையாகப் பேனா ஒன்று 8 ரூபாய் என்று இருந்தது. பேனாவில் அச்சிட்ட அதிகபட்ச விலை 10 ரூபாய். ஒன்றுக்கு 2 ரூபாய் நிற்கும் என்று நம்பி 600 பேனாக்கள் கேட்டேன். மாதத் தவணையில் வாங்குவதால் உடனே பணம் கட்டும் வேலை இல்லை. சரக்கோடு வந்த பில்லைப் பார்த்தபோதுதான், 4,800 ரூபாயுடன் 18 சதவீத ஜிஎஸ்டி 864 ரூபாயும் அனுப்பும் கூலி 180 ரூபாயும் சேர்ந்து 5,844 ரூபாய் ஆகியிருப்பது தெரிந்தது. பேனாவின் அடக்க விலை 9 ரூபாய் 74 காசு. எனக்கு மிஞ்சியது 26 காசு. வரி தனி என்ற குறிப்பு பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் பிறகு கண்டேன்.

கொள்முதலில் கட்டிய வரியை, விற்பனைக்குக் கட்ட வேண்டிய வரியிலிருந்து கழித்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கக்கூடும். பெரிய கடைகளுக்கு அது முடியும். ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்கு உட்பட்டு, சிறு வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி முறையான காம்போசிஷன் திட்டத்தில் விற்றுமுதலில் 1 சதவீதம் வரி கட்டும் என்னைப் போன்றவர்கள் கொள்முதலில் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை. விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டாததால் ஜிஎஸ்டியில் பதிவே செய்யாதிருக்கும் கடைக்காரர்களுக்கும் இதே நிலைதான். எங்களுக்கு வரி என்பது அடக்க விலையின் ஒரு பகுதி. அதை மறைத்துக் காட்டும் விலை எங்களுக்கு விலையே ஆகாது.

ஆளுக்கொரு விலை வைப்பதை நான் குறை கூறவில்லை. நூறு பெட்டி எடுப்பவருக்கும் இரண்டு பெட்டி எடுப்பவருக்கும் ஒரே விலை கொடுக்க எந்த மொத்த வியாபாரியாலும் இயலாது. அந்த விலையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்காததும் சரியே. வைத்தால், என் கடைக்கு வருபவர் கைப்பேசியைக் காட்டி அந்த விலைக்கே கேட்பார். எங்கள் ஊர்ப்பக்கத்து மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாவிட்டாலும், துண்டுக்குள் கைவைத்த இருவருக்கும் விலை ஐயமறத் தெரியும். இணையக் கடையிலோ, வாங்குகிற எனக்கே அது தெரிவதில்லை.

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், வரியும் அனுப்பும் கூலியும் உட்பட மொத்த விலையை ஒரே தொகையாகவும், அதன் பிரிவுகளைத் தனித்தனியாகவும் காட்ட வேண்டும் என்கின்றன. ஆனால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மறுவிற்பனைக்காக வாங்குபவர் நுகர்வோர் அல்லர். ஆகவே ஒரேயொரு பேனா வாங்குபவருக்கு உள்ள பாதுகாப்பு, 600 பேனா வாங்கும் எனக்கு இல்லை. மத்திய அரசு இந்த விலைக் காட்சி விதியையாவது சிறு வியாபாரிகளின் கொள்முதலுக்கும் பொருந்தச் செய்ய வேண்டும்.

அதுவரை மொத்த வியாபாரிகளே முன்வந்து செய்யக்கூடியது பெரிய காரியமன்று. ஒவ்வொருவரின் கணக்கிலும் அவருக்குரிய தனி விலையை வைக்கத் தெரிந்த மென்பொருளுக்கு, வரி சேர்ந்த தொகையை அதன் அருகிலேயே அதே அளவு எழுத்தில் காட்டுவது கடினமாக இருக்காது. எத்தனை பெட்டி எடுத்தால் விலை எவ்வளவு குறையும் என்பதையும், அனுப்பும் கூலியையும், ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே தெரியும்படி வைக்குமாறு அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எழுதுபொருள் வியாபாரி ஒருவர்,
அல்சூர், பெங்களூரு.